திரும்ப வளர்ந்த குடல்வால்

என் கர்ப்பப்பையிலிருந்து ஏழு கட்டிகளை எடுத்தார்கள். பெரியது சாத்துக்குடி அளவு, சின்னது புளியங்கொட்டை. நான்காம் நாள் தாம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து அஸ்தினாபுரத்துக்கு வீடு திரும்பினேன். அதற்குள் அம்மா காலனி முழுக்கச் செய்தி சொல்லி முடித்திருந்தாள்.

"ரோஹிணிக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்."

எனக்கு வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. கர்ப்பப்பையில் கட்டி. இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் காலனிக்குத் தெரியவிடக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை. கல்யாணமாகாதவளுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது என்று தெரிந்தால், அது இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பார்கள். குடல்வாலின் ஒழுக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

திட்டத்தில் ஒரே ஓர் ஓட்டை. அது மறுநாள் காலையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆறு ஆப்பிளுமாக மாடியிலிருந்து இறங்கி வந்தது. அபிதகுஜாம்பாள் மாமி. முப்பது வருடமாக எங்கள் வீட்டுக்கு மேலே குடியிருக்கிறாள். எதையும் மறக்க மாட்டாள்.

"ஏன் காந்திமதி, இவளுக்கு அப்பெண்டிக்ஸ் ஏழாங்கிளாஸ்லயே எடுத்தாச்சே? நான்தானே ஃப்ளாஸ்க்ல ரசஞ்சாதம் கரைச்சுக் கொண்டுவந்தேன். அந்த ஃப்ளாஸ்க்கை நீ இன்னும் திருப்பித் தரலை."

அம்மா மறந்தே போயிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. என் வலது அடிவயிற்றில் அந்தப் பழைய தழும்பு இரண்டு அங்குலத்துக்கு இன்னமும் இருக்கிறது. அம்மா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் குரோம்பேட்டையில் சயின்ஸ் டீச்சர். பதில் தெரியாத கேள்விக்கும் பதில் சொல்லியே பழகியவள்.

"அது திரும்ப வளர்ந்துடுச்சு மாமி."

"வளருமா?"

"சில பேருக்கு வளரும். அடியில கொஞ்சம் மிச்சம் இருந்தா போதும்."

"ஈஸ்வரா!" என்றாள் மாமி. டீச்சர் சொன்னால் அதற்கு மேல் என்ன. சாயங்காலத்துக்குள் காலனி வாட்ஸப் குழுவில் குடல்வால் திரும்ப வளரும் வயது பற்றி விவாதம் நடந்தது. கொய்யாப்பழ விதையைத் தவிர்க்கும்படி 'பி' பிளாக்கில் ஒருவர் எச்சரித்தார். பதினேழு பேர் கும்பிட்டிருந்தார்கள்.

இதில் சிரிப்பு என்னவென்றால், கர்ப்பப்பைக் கட்டி விஷயத்தில் நான் கிட்டத்தட்ட நிபுணி. கேளம்பாக்கம் தாண்டி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஒன்பது வருடம் இரவு வேலை பார்த்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் ரிப்போர்ட்டைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். கர்ப்பப்பைக் கட்டிக்கு டி இருபத்தைந்து. நாலாயிரம் பெண்களுக்காவது அந்த எண்ணைப் போட்டிருப்பேன். ஒஹையோவில் ஒருத்தி ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனையாவது வாரம் துணிக்கூடை தூக்கலாம் என்று எனக்குத் தெரியும். என் வயிறு ஏன் உப்பிக்கொண்டே போகிறது என்று தெரியவில்லை. கேன்டீன் பரோட்டா என்று நினைத்தேன்.

பிறகு ரத்தம் போக ஆரம்பித்தது. மாதத்தில் பதினைந்து நாள். மணிக்கொரு முறை எழுந்து போனேன். டீம் லீடர் ஒரு படம் வரைந்து காட்டினான். என் பாத்ரூம் இடைவேளைகள் சிவப்புக் கோடாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. நிறத்தையாவது சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாயே என்று சொல்ல நினைத்தேன். அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்தபோது நாற்காலியும் சிவப்பு. அடையாள அட்டையைக் கழற்றி அந்தக் கறை மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பி வந்தேன். அதை ராஜினாமா என்று எடுத்துக்கொண்டார்கள்.

டாக்டர் சத்யபிரியா என் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டா? இதை வச்சுக்கிட்டு நடந்தா வந்தீங்க?" என்றார்.

"பஸ்ல வந்தேன்."

ரத்தம் ஏற்றி, இரும்பு ஏற்றி, ஆபரேஷனுக்குத் தயார் ஆனதும் ஒரு கேள்வி கேட்டார். "குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கா? இல்லைன்னா கர்ப்பப்பையையே எடுத்துடலாம். தொல்லை விட்டது."

"தெரியலை டாக்டர். இப்பவே முடிவு பண்ணணுமா? வீடு இருக்கட்டும். குடியிருக்கறவங்களை மட்டும் காலி பண்ணுங்க."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு நாள் அந்த வார்டில் என்னிடம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. "காத்து போச்சா?" குடல் வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அதுதான் சாட்சியாம். அது போனால்தான் இட்லி. டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டாள், தரை துடைப்பவர் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார்கூட விசாரித்தார். இரண்டாம் நாள் மதியம் போனது. வார்டே மகிழ்ந்தது. என் டிகிரிக்குக்கூட இத்தனை பேர் சந்தோஷப்பட்டதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து வாயாலும் சொன்னார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வீட்டுக்குள் நடக்க வேண்டும். கனம் தூக்கக் கூடாது. தையல் ஈரமில்லாமல், காற்றுப் பட இருக்க வேண்டும். காய்ச்சலோ வாடையோ வந்தால் உடனே வர வேண்டும். எதுவும் இல்லை என்றால் பத்தாம் நாள் வந்தால் போதும். அம்மா அந்தத் தாளை எட்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள். வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதல்லவா.

அதற்குப் பிறகு நடந்தது அம்மாவின் வைத்தியம். ஊருக்குக் குடல்வால் என்றாலும், எடுத்த இடம் எது என்று அவளுக்குத் தெரியும். கர்ப்பப்பை சம்பந்தப்பட்டது என்றால் அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பிரசவ வைத்தியம். பிள்ளை மட்டும்தான் இல்லை. மற்றபடி முழுப் பத்தியம். பழைய நூல் புடவையை நான்காகக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள், இல்லையென்றால் வயிறு தொங்கிவிடுமாம். குளிர் ஏறும் என்று மின்விசிறியை நிறுத்தினாள். தண்ணீர் குடித்தால் புண் சீழ் வைக்கும் என்று நாளைக்கு மூன்று டம்ளர், அதுவும் வெந்நீர். மூன்று வேளையும் பூண்டுக் குழம்பு. மே மாத அஸ்தினாபுரத்தில் நான் ஒரு கொழுக்கட்டை மாதிரி வெந்துகொண்டிருந்தேன். தண்ணீர் இல்லாத குடலில் என்ன நடந்தது என்பதை விவரிக்க வேண்டாம். இரண்டு நாள் கழிவறையில் உட்கார்ந்து, போன ஜென்மத்துப் பாவங்களையெல்லாம் ஒப்புக்கொண்டேன்.

"டாக்டர் தண்ணி குடிக்கச் சொன்னாங்கம்மா."

"அவங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. உன்னைப் பெத்து இப்படித்தான் நான் எழுந்தேன்."

"என்னைத்தான் பெத்தே. கட்டியைப் பெக்கலையே."

"வாயை மூடு. காத்து உள்ள போகும்."

ஆஸ்பத்திரியில் காற்றை வெளியே விடச் சொன்னார்கள். வீட்டில் உள்ளே விடாதே என்கிறார்கள். என் பக்கம் நின்று பேச அந்த வீட்டில் ஆள் இல்லை. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. இருந்திருந்தாலும் இந்த விஷயத்தில் பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இந்த நிலைமையில் மாமி ஓர் உதவி செய்தாள். "நம்ம மெடிக்கல் ஷாப் மோகன்ராஜை டிரெஸ்ஸிங் பண்ண வரச் சொல்லிட்டேன். நீ எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அலையணும்?" அம்மா வாயைத் திறப்பதற்குள் கீழே பைக் சத்தம் கேட்டது.

மோகன்ராஜ் அண்ணன் மெயின் ரோட்டில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். முன்பு ஒரு கிளினிக்கில் கம்பவுண்டர். ஊசி, கட்டு, பிரஷர் எல்லாம் பார்ப்பார். அம்மாவிடம் பத்தாவது படித்தவர். நாற்பத்தைந்து வயதிலும் அம்மாவைப் பார்த்தால் பைக்கை விட்டு இறங்கி நிற்பார்.

"டீச்சர், புண்ணு எங்க கீது?"

அம்மா யோசித்தது இரண்டே விநாடி. ஒரு போர்வையை எடுத்து என் மேல் போர்த்தினாள். புடவைக் கட்டை வலது பக்கம் மட்டும் கொஞ்சம் இறக்கினாள். ஏழாம் வகுப்புத் தழும்பைத் திறந்து காட்டினாள்.

மோகன்ராஜ் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"டீச்சர், இன்னா அதிசயம் இது? அஞ்சு நாள்ல வெள்ளையாவே ஆயிடுச்சு!"

"அவ உடம்பு வாகு அப்படி."

"தையல் போட்ட தடமே தெரியலையே. கை ராசியான டாக்டரு." பயபக்தியோடு பஞ்சால் துடைத்து, மஞ்சள் மருந்து தடவி, துணி வைத்து, நான்கு பக்கமும் பிளாஸ்டர் ஒட்டினார். இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் ஆறிப்போன புண்ணுக்கு அத்தனை அழகான கட்டு இந்த மாவட்டத்திலேயே போட்டிருக்க மாட்டார்கள். உண்மையான பன்னிரண்டு தையல் அதற்கு மூன்று விரல் கீழே, ஈரப் புடவைக்குள், இருட்டில் கிடந்தது.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? சிரித்தால் தையல் வலிக்கும், சிரிக்காமல் இருப்பதே முழுநேர வேலையாக இருந்தது என்று சொல்லலாம். அது பாதி உண்மைதான். மீதி என்னவென்றால், எனக்கும் அது வசதியாக இருந்தது. மோகன்ராஜ் அண்ணன் கடையில்தான் நான் நாப்கின் வாங்குவேன். அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, ஏதோ கடத்தல் பொருள் மாதிரி மேசைக்கு அடியில் தருவார். நானும் கடத்தல்காரி மாதிரியே வாங்கிக்கொண்டு வருவேன். அந்த மனிதரிடம் போர்வையைக் கீழே இழுத்துக் காட்டும் தைரியம் எனக்கும் இல்லை.

தினமும் பத்து மணிக்கு வந்தார். ஐந்தாவது தடவை வந்தபோது, அது ஆபரேஷன் ஆகி ஒன்பதாம் நாள், என் கையைத் தொட்டுவிட்டு நின்றார்.

"உடம்பு சுடுதே டீச்சர். நூத்தியொண்ணு இருக்கும். புண்ணு இவ்ளோ சூப்பரா கீது, காய்ச்சல் எங்கேருந்து வருது?"

எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். விடியற்காலையிலிருந்து ஒரு வாடை. முதலில் மாமியின் ஆப்பிள் அழுகிவிட்டது என்று நினைத்தேன். தட்டிலிருந்த ஆப்பிளை மோந்து பார்த்தேன். ஆப்பிள் நன்றாக இருந்தது.

மோகன்ராஜ் அண்ணன் போனதும் கட்டை அவிழ்த்தேன். புடவை ஒட்டிக்கொண்டு வந்தது. மஞ்சளும் சிவப்புமாக ஒழுகியது. அம்மா பார்த்தாள். அவளுக்கு முகம் வெளுத்தது. ஆனால் வாய் பழைய பாதையிலேயே போனது.

"நேத்து தேங்காய்ச் சட்னி தொட்டுக்கிட்டியா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. இப்பவே."

"நாளைக்குத்தானே வரச் சொல்லியிருக்காங்க? மோகன்ராஜ்கிட்ட ஒரு மாத்திரை கேட்டுப் பார்ப்போமே."

"கேளு. எந்தப் புண்ணுக்குன்னு கேப்பே?"

அம்மா மாத்திரைப் பேச்சை விட்டாள். ஆனாலும் மதியம் இரண்டரைக்குத்தான் கிளம்பினோம். காலனி சாப்பிட்டுப் படுக்கும் நேரம் அது. ஆட்டோ குப்பன் அண்ணனுடையது. காலனி வாசலிலேயே நிற்பவர். ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டடம் முன்னால் வரும் பேக்கரியில் நிறுத்தச் சொன்னாள் அம்மா. ஏனென்றால் ஆஸ்பத்திரி வாசலில் 'மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவமனை' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறது.

"பாப்பா நிக்கவே முடியாம கீது, பேக்கரில இன்னாம்மா வேலை?" என்றார் குப்பன் அண்ணன்.

"பன் வாங்கணும்."

"நான் வாங்கியாரேன், நீங்க குந்துங்கோ."

"வேண்டாம். நாங்களே வாங்கிக்கறோம்."

பன் வாங்கினோம். குப்பன் அண்ணன் பார்வையிலிருந்து மறையும் வரை பன்னோடு நின்றோம். பிறகு அந்த இருநூறு அடியை நடந்தேன், வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெயிலில். மானம் இருநூறு அடி நீளம். எனக்கு வழி முழுக்க அது சீழாக ஒழுகியது.

டாக்டர் சத்யபிரியா கட்டைத் திறந்தார். ஒன்றுக்குப் பதில் இரண்டு கட்டு. மேலே ஒன்று புத்தம் புதிதாக, அளவெடுத்து வெட்டி ஒட்டியது. கீழே இன்னொன்று, பேச்சுக்கு லாயக்கில்லாதது. மேலே இருந்ததை உரித்துப் பார்த்தார். பழைய தழும்பு பளபளவென்று இருந்தது.

"இது யாருக்கு? ஏழாங்கிளாஸ்ல போட்ட தையலுக்கா?"

நான் கதையைச் சொன்னேன். டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. நான்கு தையலைப் பிரித்து, அழுத்தி, உள்ளே இருந்ததை வெளியே எடுத்தார். நான் கூரையிலிருந்த விளக்குகளை எண்ணினேன். எட்டு. ஸ்கேனும் பார்த்தார்.

"உள்ளே போகலை. தோலுக்கு அடியிலயே நிக்குது. தப்பிச்சீங்க." அம்மா பக்கம் திரும்பினார். "இனி தினமும் கழுவி, துணி வச்சு அடைக்கணும். அடியிலேருந்து சதை வளர்ந்து மேல வரணும். விட்டுவிட்டுப் பண்ணினா மறுபடி தியேட்டர், மறுபடி மயக்க மருந்து. கிருமி உள்ளே இறங்கிச்சுன்னா, எதைக் காப்பாத்தணும்னு உங்க பொண்ணு கேட்டாங்களோ அதையும் எடுக்க வேண்டி வரலாம். எங்க நர்ஸை வீட்டுக்கே அனுப்பறேன்."

"எங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுப் பக்கத்துலயே..."

"இந்த ரெண்டாவது கட்டைப் போட்டவரா?"

அம்மா பன் பொட்டலத்தைப் பைக்குள் தள்ளினாள்.

நர்ஸ் பெயர் ஜான்சி. கோவளத்துக்காரி, அப்பாவுக்குப் படகு. இருபத்தெட்டு வயது இருக்கும். என் கட்டை அவிழ்க்கும்போது உதவிக்கு நின்றவள் அவள்தான். புடவைச் சுருளைத் தூக்கிப் பிடித்து, "எங்க ஏலத்துல மீனைக்கூட இதைவிட நல்லா வச்சிருப்போம்க்கா" என்றாள். அம்மா அவளை வராந்தாவுக்கு ஓரமாகக் கூட்டிப் போனாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"நாளைக்கு வர்றப்ப சுடிதார்ல வரமுடியுமாம்மா?"

"இன்னாத்துக்கு? என்னைப் பொண்ணு பாக்கவா கூப்புடறீங்கோ?"

"இல்ல, காலனில பார்ப்பாங்க."

"யூனிபாரம் இல்லாம வீட்டு விசிட்டுக்கு உடமாட்டாங்கம்மா."

"சரி, அந்தப் பையையாவது திருப்பி மாட்டிக்கோ. ஆஸ்பத்திரி பேர் பெரிசா போட்டிருக்கு."

"அது செய்யறேன்," என்றாள் ஜான்சி.

செய்தாள். மறுநாள் பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது பையைத் திருப்பித்தான் மாட்டியிருந்தாள். பையின் பின்பக்கத்தில் கொழுகொழுவென்று ஒரு கைக்குழந்தையின் படம், ஒரு முழ உயரத்துக்கு. மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமி அந்தக் குழந்தையைப் பார்த்தாள். துணியைப் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். அதே சமயம் மோகன்ராஜ் அண்ணனும் மருந்துப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். மூன்று பேரும் ஒன்றாக எங்கள் வாசலில் நின்றார்கள். நான் அறைக் கட்டிலில் இருந்தபடியே கதவு வழியாகப் பார்த்தேன்.

அம்மா கதவை அகலமாகத் திறக்கவில்லை. ஜான்சியிடம் குரலைத் தாழ்த்தி, "ஒரு மணி நேரம் கழிச்சு வாயேன்" என்றாள்.

"எனக்கு இன்னும் மூணு வூடு கீதும்மா. சேலையூர் போயிட்டு அப்படியே பல்லாவரம். போனா நாளைக்குத்தான்."

"சரி, அப்ப நாளைக்கே..."

நான் எழுந்தேன். ஒரு கையால் கட்டிலையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு. நாளைக்கு என்றால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னது அம்மாவுக்கும் கேட்டிருந்தது. தெரிந்தும் சொல்கிறாள். கத்திவிடுவது என்று முடிவு செய்து மூச்சை இழுத்தேன். மோகன்ராஜ் அண்ணன் முந்திக்கொண்டார்.

"டீச்சர், ஒரு டவுட்டு. நம்ம கடைக்கு ஒருத்தர் வந்தாரு. வலது பக்கம் வயித்து வலி. அப்பெண்டிக்ஸ் எடுத்து பத்து வருசம் ஆச்சாம். எடுத்தா இன்னா, திரும்ப வளர்ந்துகினு இருக்கும், போய் ஸ்கேன் எடுங்கன்னு அனுப்பிட்டேன். அங்க ஸ்கேன் டாக்டர் சிரிசிரின்னு சிரிச்சிட்டாராம். எந்த முட்டாள் சொன்னான்னு கேட்டாராம். அந்தாளு எனக்குப் போனைப் போட்டு டாக்டராண்ட குடுத்தாரு. நான் உடுவேனா? முப்பத்தொரு வருசம் சயின்ஸ் எடுத்த டீச்சரே சொன்னாங்கன்னு சொல்லிட்டேன்."

அம்மா அவரைப் பார்த்தாள். "என் பேரையா சொன்னே?"

"காந்திமதி டீச்சர்னு சொன்னேன். ஸ்கூல் பேரையும் சொன்னேன் டீச்சர். எழுதிக்கினாரு."

அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. மகளுக்குச் சீழ் வைக்கலாம், அது வீட்டு விஷயம். தன் பாடத்தில் தப்பு என்று ஓர் ஆள் எங்கோ உட்கார்ந்து சிரிக்கிறான் என்பது வேறு விஷயம்.

"வளராதுடா மடையா!" மாடிப்படி அதிர்ந்தது. "வெட்டினா வெட்டினதுதான்! அது என்ன பல்லி வாலா, திரும்ப முளைக்க? பத்தாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவன்தானே நீ? நான் சொன்னா யோசிக்க மாட்டே?"

மோகன்ராஜ் அண்ணன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "அப்ப... நான் அஞ்சு நாளா இன்னாத்துக்குக் கட்டு போட்டேன்? ரோஹிணிக்கு இன்னா ஆபரேஷன் டீச்சர்?"

மாமி ஓர் அடி முன்னால் வந்தாள். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டேன். அதுவும் வகுப்பறைக் குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி.

"கர்ப்பப்பை. கர்ப்பப்பையில தசைக்கட்டி. ஏழு."

எதிர் வீட்டில் மிக்ஸி நின்றது.

மோகன்ராஜ் அண்ணன் தலையைச் சொறிந்தார். "அந்தப் பாடம் நீங்க எடுக்கவே இல்லையே டீச்சர். வூட்ல படிச்சுக்கச் சொன்னீங்க."

"வீட்ல படிச்சியா?"

"இல்ல டீச்சர்."

"பாடம் அப்புறமா நடத்துங்கோ," என்று ஜான்சி அம்மாவைத் தோளால் லேசாகத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "கை கழுவ சோப்பு எங்க கீது? யக்கா, நீ இன்னாத்துக்கு நின்னுகினு கீறே, படு."

வந்ததும் மின்விசிறியைப் போட்டாள். ஆறு நாளைய தூசியும் முதலில் என் மேல் விழுந்தது. பிறகு காற்று வந்தது. அழுதிருப்பேன், உடம்பில் அதற்குத் தண்ணீர் இல்லை. ஜான்சி துணியை உருவி, கழுவி, புதுத் துணியை மடித்து உள்ளே வைத்தாள். வலித்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் சொன்னேன். "இன்னும் ரெண்டு எனக்குத் தெரியும், எங்க குப்பத்துல சொல்லுவாங்கோ, அப்பறமா சொல்லித் தரேன்" என்றாள்.

"டாக்டர் குடுத்த பேப்பர் எங்கம்மா?"

அம்மா பூஜை அலமாரிக்குப் போய், முருகனை நகர்த்தி, எட்டு மடிப்பையும் பிரித்துக் கொண்டுவந்தாள். மேலெல்லாம் விபூதி. ஜான்சி அதை வருகைப் பதிவேடு மாதிரி வாசித்தாள்.

"தண்ணி, நாளைக்கு மூணு லிட்டரு. குடுத்தீங்களா?"

"மூணு டம்ளர்."

"காத்தோட்டம்?"

"இல்லை."

"நடக்க வச்சீங்களா?"

"நேத்து பேக்கரிலேருந்து."

ஜான்சி தாளை மடித்து அம்மா கையில் கொடுத்தாள். "ஃபெயிலு. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பரீட்சை."

அம்மா சமையலறைக்குப் போனாள்.

மாமி என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள். "எனக்கும் எடுத்தா. மொத்தமா. அப்போ எனக்கு நாப்பத்திரண்டு."

"உங்களுக்கு ஹெர்னியான்னுதானே மாமி..."

"ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொன்னோம். ஆத்துல மாமனாருக்கும் அதேதான். ஹெர்னியாதானேன்னு பதினாலாம் நாள் என்னைக் குடம் தூக்க விட்டா. நான் எதைன்னு சொல்லி மறுக்கறது? தூக்கினேன். அப்புறம் நெஜமாவே ஹெர்னியா வந்துடுத்து." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கும் ஆபரேஷன் பண்ணினா. அப்போ என்ன சொல்றதுன்னு தெரியாம அப்பெண்டிக்ஸ்னு சொன்னோம்" என்றாள்.

சிரித்தேன். தையல் வலித்தது. பரவாயில்லை, சரியான தையல்தான் வலித்தது.

அம்மா ஒரு பெரிய சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு பழைய எவர்சில்வர் ஃப்ளாஸ்க். மாமி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடியில் அவள் பெயர் வெட்டியிருந்தது. மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜான்சி பதினாறு நாள் வந்தாள். கடைசி வரை குழந்தைப் படம் வெளியே தெரியும்படிதான் பையை மாட்டினாள். அம்மாதான் திருப்பச் சொன்னது, அம்மாதான் மாற்றச் சொல்ல வேண்டும் என்றாள். அம்மா சொல்லவில்லை. இரண்டாவது தடவை டாக்டரிடம் போனபோது குப்பன் அண்ணன் போன தடவை மாதிரியே பேக்கரியில் நிறுத்தப் போனார். "வாசல்லயே விடுப்பா" என்றாள் அம்மா. அவர் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துவிட்டு, "பன்னு வேணாமா?" என்றார்.

புண் அடியிலிருந்து மூடிக்கொண்டு வந்தது. கர்ப்பப்பை இருந்த இடத்தில் இருக்கிறது, இப்போதைக்கு ஆள் இல்லாமல்.

போன வாரம் மோகன்ராஜ் அண்ணன் கடைக்கு நடந்தே போனேன். நாப்கின் கேட்டேன். பழக்கத்தில் செய்தித்தாளை எடுத்தவர், கொஞ்சம் யோசித்து, அதை மடித்து வைத்துவிட்டு அப்படியே கையில் கொடுத்தார். அவர் காது சிவந்திருந்தது.

"எல்லாம் சரியாயிடுச்சா ரோஹிணி?"

"ஆயிடுச்சுண்ணா. ஆனா அந்தப் பழைய தழும்புல நீங்க ஒட்டின பிளாஸ்டர் தோலோட வந்துடுச்சு. இப்ப அதுதான் புண்ணாயிடுச்சு."

அவர் முகம் மலர்ந்தது. "அதுக்கு நான் வந்து டிரெஸ்ஸிங் பண்ணவா?"